லூர்து: ஊரா? பேரா? தெரியுமா?

புதுச்சேரிக்கு அருகே வில்லியனூர் மாதா கோயில் திருவிழாக் கூட்டத்தில் "லூர்து!" என்று ஒரு குரல் கொடுத்துப் பாருங்கள். எத்தனை தலை திரும்பும் தெரியுமா? லூர்துசாமி, லூர்துநாதன், லூர்துராஜ், லூர்துமேரி, லூர்தம்மாள்... அத்தனை பேரும் திரும்புவார்கள்!

ஆனால் லூர்து ஓர் ஊரின் பெயர், தெரியுமா? பிரான்சில், பிரனீஸ் மலையடிவாரத்தில், 8,000 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது! 1858-இல் அங்கே சுமார் 4,000 பேர்தான். அந்த ஆண்டு பிப்ரவரி 11-இல் விறகு பொறுக்கப் போன 14 வயது பெர்னதெத், குகையில் ஒரு பெண்மணியைக் கண்டதாகச் சொன்னாள். ஒரு முறையா? 18 முறை! அந்தப் பெண்மணிதான் லூர்து மாதா. 1877-இலேயே வில்லியனூரில் லூர்து மாதா சிலை ஏறிவிட்டது. கப்பல் காலத்தில், வெறும் 19 ஆண்டுகளில்! பிரெஞ்சுப் பாதிரியார்கள் இங்கே இருந்தார்களே!

பிரெஞ்சில் இந்தப் பெயருக்கு 7 எழுத்து. கடைசி இரண்டும் ஊமை, தெரியுமா? 'லூர்த்' என்றதோடு முடிந்தது! தமிழ் நாக்கு வல்லின மெய்யில் நிற்குமா? ஓர் உகரத்தை ஒட்டிக்கொண்டது: லூர்து! அந்த ஊர்க்காரர்களின் பழைய மொழியிலோ 'லுர்தோ'. ஸ்பானிய மொழியில் 'லூர்தெஸ்'. பழைய இலக்கணம் லகரத்தில் சொல்லைத் தொடங்கவே விடாது. கறாராக எழுதினால் 'இலூர்து'!

ஸ்பானிய, போர்ச்சுகீசிய நாடுகளில் இது பெண் பெயர். பாடகி மடோனா 1996-இல் பிறந்த மகளுக்கு வைத்ததும் இதைத்தான்! நம்மூரிலோ சாமி சேர்ந்தால் தாத்தா, அம்மாள் சேர்ந்தால் பாட்டி! எவ்வளவு அழகு!

பிரெஞ்சு முறையில் பெயரின் முடிவில் வரும் 'சாமி' எழுத எத்தனை 'எஸ்' வேண்டும்? இரண்டு! உயிரெழுத்துகளுக்கு நடுவே ஒற்றை 'எஸ்' வந்தால் 'ஜாமி' போல ஒலிக்கும். பிரெஞ்சுத் தீவுகளான ரீயூனியனின் ராமசாமிகளும் குவாதலூப்பின் முத்துசாமிகளும் அதனால்தான் இன்றும் இரட்டை 'எஸ்' போடுகிறார்கள்!

இதைக் கேளுங்கள்! 1858 மார்ச் 25-இல் குகைப் பெண்மணி சொன்ன பெயர் என்ன தெரியுமா? மாசில்லாமல் கருவானவள்! தமிழ்க் கிறிஸ்தவர்கள் வழக்கில் அது அமலோற்பவம். அமலம், உற்பவம் இரண்டும் சேர்ந்த சொல். அதுவும் நம்மூர்ப் பெயராகிவிட்டது!

தென்னார்க்காட்டுக் கல்லேரியில் ஓர் அண்ணன், தம்பி. 1924-இல் பிறந்த அண்ணன் புதுவை மறைமாவட்டக் குருவாகி, 1985-இல் ரோமில் கர்தினால் ஆனார். தம்பி பெங்களூரில் புகழ்பெற்ற இறையியலாளர். அண்ணன் பெயர் லூர்துசாமி. தம்பி பெயர் அமலோற்பவதாஸ். ஒரே வீட்டில், ஒரே குகையின் இரண்டு பெயர்கள்!