உலகச் சந்தையும் டென்மார்க்கின் வெல்டரும்

சந்தையைத் திறந்துவிட்டால் அரசாங்கம் ஒதுங்கிக்கொள்ளும் என்று என் மாணவர்கள் உறுதியாக நம்புகிறார்கள். ஒவ்வொரு ஆண்டும் அவர்களுக்கு நான் எடுத்துச் சொல்வது டென்மார்க்கின் கணக்கைத்தான். அந்நாட்டின் ஏற்றுமதி, மொத்த உற்பத்தியில் பாதியைத் தாண்டும். அரசின் செலவும் ஏறக்குறைய பாதி!

டேவிட் கேமரன் (முன்னாள் பிரிட்டிஷ் பிரதமர் அல்ல, அரசியல் அறிஞர்) 1978இல் 18 பணக்கார நாடுகளை ஒப்பிட்டு, திறந்த சந்தைக்கும் பெரிய அரசுக்கும் உள்ள இந்த உறவைக் காட்டினார். 1998இல் பொருளியலாளர் டானி ரோட்ரிக் காரணத்தை விளக்கினார்: வெளிச்சந்தையை நம்பிப் பிழைக்கும் நாட்டு மக்கள், அங்கே விழும் அடியைத் தாங்க அரசிடம் பாதுகாப்பு கேட்கிறார்கள். வெளிச்சந்தையை அதிகம் நம்புபவை சிறிய நாடுகளே, அவற்றுக்குத் தலைக்கு ஆகும் அரசுச் செலவு எப்படியும் அதிகம் என்று மறுப்பவர்களும் உண்டு. எனக்கு ரோட்ரிக்கின் விளக்கமே பொருத்தமாகப் படுகிறது.

ஓடென்ஸே நகருக்கு அருகே லிண்டோ கப்பல் கட்டும் தளம் இருந்தது. 397 மீட்டர் நீளமுள்ள 'எம்மா மேர்ஸ்க்' 2006இல் அங்கே உருவானது. அன்றைக்கு உலகின் மிகப் பெரிய கன்டெய்னர் கப்பல். மூன்றே ஆண்டில், ஆசியத் தளங்களின் விலைக்கு ஈடுகொடுக்க முடியாமல், தளத்தை மூட முடிவானது. அங்கே வேலையிழந்த ஒரு வெல்டர், வேலையின்மைக் காப்பீட்டு நிதியில் சந்தா கட்டியிருந்தால், பழைய சம்பளத்தில் 90 சதவீதம் வரை உதவித்தொகை பெறலாம். உச்சவரம்பு இருப்பதால் நல்ல சம்பளக்காரருக்குக் கையில் வருவது அதைவிடக் குறைவு. புதுத் தொழில் பழக அரசுப் பணம் உண்டு. ஐரோப்பிய ஒன்றியமும் கைகொடுத்தது. இன்று அந்த இடத்தில் கடல் காற்றாலைகளுக்கான பாகங்கள் தயாராகின்றன.

அமெரிக்காவும் 1962இல், கென்னடி காலத்தில், இறக்குமதியால் வேலையிழந்தோருக்கு ஒரு திட்டம் கொண்டுவந்தது. 2022இல் அது காலாவதியானபோது புதுப்பிக்க ஆளில்லை. இது எனக்குப் பெரும் வருத்தம்.

டென்மார்க்கிலும் சுமை இடம் மாறுகிறது. முதலீடு எல்லை தாண்டி ஓடக்கூடியது என்பதால் நிறுவன வரி 1980களின் பிற்பகுதியில் இருந்த 50 சதவீதத்திலிருந்து 22க்கு இறங்கிவிட்டது. கடையில் ரொட்டி வாங்குபவர் கட்டும் மதிப்புக் கூட்டு வரி மட்டும் 1992 முதல் 25 சதவீதத்திலேயே நிற்கிறது. உதவித்தொகை பெறும் காலத்தை 4 ஆண்டிலிருந்து 2 ஆண்டாகக் குறைக்க 2010இல் முடிவெடுத்தார்கள். லிண்டோவில் ஆட்களை வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்த நேரம் அது.