பின்வாசல் வழியாகக் கோடியக்கரை

விடிய இன்னும் நேரம் இருக்கிறது. விருந்தினர் இல்லத்தின் முன்கதவு பூட்டித்தான் கிடக்கிறது. ஆனால் பின்வாசலில் விளக்கு எரிகிறது! சமையல் அக்கா கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு, "வர்றதுன்னா இப்பவே வாங்க தங்கச்சி, படகு கரை ஏறிடும்" என்கிறார். நான் செருப்பைக்கூடத் தேடவில்லை. ஓடினேன்.

வேதாரண்யத்திலிருந்து கோடியக்கரைக்குப் போகும் சாலையோரத்தில் நான்கே அறைகள் கொண்ட ஓட்டு வீடு அது. கூடத்தில் 'பார்க்க வேண்டிய இடங்கள்' என்று ஒரு பலகை தொங்குகிறது: கலங்கரை விளக்கம், சரணாலயம், ராமர் பாதம், குழகர் கோயில். நான்கையும் பாருங்கள், கட்டாயம் பாருங்கள். ஆனால் அந்தப் பலகையில் எழுதாத கோடியக்கரை ஒன்று இருக்கிறது. அதற்குப் போகும் வழி அடுப்படிக்குள்தான் தொடங்குகிறது.

தமிழ்நாட்டுக் கடற்கரை இங்கே சட்டென்று மடங்குகிறது. கிழக்கே வங்கக்கடல், தெற்கே பாக் நீரிணை. ஐப்பசியிலிருந்து பங்குனி வரை வேறு ஊர் மீனவர்களும் இங்கே வந்து கொட்டகை போட்டுத் தங்கித் தொழில் செய்கிறார்கள். நான் போனது மாசி மாதம். கரை முழுக்கப் படகு, வலை, சத்தம். வலையை விரித்துப்போட்டுச் சுற்றி உட்கார்ந்து நண்டு கழற்றுகிறார்களே, அதை அரை மணி நேரம் வாய் பிளந்து பார்த்தேன். நண்டு ஒவ்வொன்றும் நூலை எட்டுத் திசையிலும் சுற்றிக்கொண்டிருக்கிறது. விரல்கள் போகும் வேகத்தைக் கண்ணால் தொடர முடியவில்லை. கால் முறிந்தால் விலை இறங்கிவிடும், வலை கிழிந்தால் அன்றைய வரும்படியே போய்விடும். இரண்டும் நடக்காமல் நண்டு கூடைக்குள் விழுகிறது. "பின்னாலேர்ந்து புடிங்க, முன்னால கை வச்சா கவ்விடும்" என்று ஒரு பெரியம்மா சொல்லிக்கொடுத்தார். ஒரே ஒரு நண்டு கழற்றினேன். எனக்கு ஆன நேரத்தில் அவர் பத்துக் கழற்றியிருப்பார். இருந்தாலும் அன்று மதியக் குழம்பில் அந்த நண்டு இருந்தது என்பதை நினைத்தால் இப்போதும் துள்ளுகிறது மனசு!

உப்பளத்துக்கும் அதிகாலையில்தான் போகவேண்டும். வெயில் ஏறினால் பாத்தியின் வெண்மை கண்ணைக் கூசும், வேலை செய்கிறவர்களும் கரையேறிவிடுவார்கள். அகஸ்தியன்பள்ளிப் பக்கம் கண்ணுக்கெட்டிய தூரம் பாத்திகள். உப்பு தானாகக் காய்கிறது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். இல்லவே இல்லை! கடல்நீரின் அடர்த்தி மூன்று டிகிரி சொச்சம். பாத்தி பாத்தியாக மாற்றி வெயிலில் சுண்டவைத்து, 25 டிகிரியை ஒட்டி வரும்போதுதான் உப்பு பூக்கிறது. அதற்கு முன்பே ஜிப்சம் அடியில் படிந்துவிடுகிறது. அப்படியே விட்டு 29, 30 டிகிரியைத் தாண்டினால் மக்னீசியம் சேர்ந்து கசப்புத் தட்டும். அதற்குள் மிச்ச நீரை வடித்துவிடவேண்டும். சமையல்போலத்தானே இது? பதம் பார்த்து இறக்கவேண்டும்! முழங்கால் வரை உப்புநீரில் நின்று பலகையால் வாரி வரப்பில் குவிக்கிறார்கள். அந்தக் கால்களில் வெடிப்பு வெடிப்பாக இருக்கிறது. ஒரு கிலோ உப்பை நாம் கொடுக்கும் விலைக்கு வாங்குவது நியாயமே இல்லை என்று அங்கே நின்றபோது தோன்றியது.

இந்த மண்ணில்தான் 1930 ஏப்ரல் 30 அன்று ராஜாஜி உப்புச் சட்டத்தை மீறினார். திருச்சியிலிருந்து ஏப்ரல் 13 புறப்பட்ட படை அது. தொண்டர்களுக்குச் சோறு போட்டால், தங்க இடம் கொடுத்தால் சிறை என்று தஞ்சாவூர் கலெக்டர் தார்ன் அறிவித்திருந்தார். அதனால் ஊர்க்காரர்கள் சோற்றுப் பொட்டலங்களைச் சாலையோர மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டார்களாம். யார் வைத்தது என்று எந்தப் போலீஸ்காரர் கண்டுபிடிப்பார்? அக்கா இதை அம்மியில் மசாலா அரைத்துக்கொண்டே, தன் வீட்டுக் கதைபோலச் சொன்னார்.

சரணாலயத்துக்கு வண்டி ஓட்டிவந்த அண்ணன், முதல் அரை மணி நேரம் ஒரு வார்த்தை பேசவில்லை. பிறகு கையை மட்டும் நீட்டினார். புல்வெளியில் முறுக்குக் கொம்போடு ஒரு கருத்த ஆண் வெளிமான்! இந்த மானைக் காப்பதற்காகத்தான் 1967-இல் இந்தக் காட்டைச் சரணாலயம் ஆக்கினார்கள். கொஞ்சம் தள்ளி மட்டக்குதிரைகள் மேய்ந்தன. எப்போதோ யாரோ வளர்த்தவற்றின் வம்சம், இப்போது யாருக்கும் சொந்தமில்லாமல் திரிகிறது. சதுப்புப் பக்கம் திரும்பினால் பூநாரைக் கூட்டம். தலையைக் கவிழ்த்துச் சேற்று நீரை வடிகட்டிச் சாப்பிடுகிறது. தின்னும் பாசியிலும் சிறு இறாலிலும் உள்ள நிறமிதான் அந்த இளஞ்சிவப்பைத் தருகிறது. பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தார் பல பத்தாண்டுகளாக இங்கே பறவைகளுக்கு வளையம் மாட்டி வருகிறார்கள். அதனால் தொலைநோக்கியில் பறவையைவிடக் காலைத்தான் அதிகம் தேடினேன். அண்ணனும் சேர்ந்து தேடினார். கிடைக்கவில்லை, நாளைக்கும் வரலாம் என்று அவரே சொன்னார்!

குழகர் கோயிலுக்குச் சாயங்காலம் போங்கள். கடற்காற்று வீசும் இந்த இடத்தில் துணையில்லாமல் தனியாக இருக்கிறாயே என்று சுந்தரர் இறைவனைப் பார்த்துக் கவலைப்பட்ட தலம் இது. கல்கியின் 'பொன்னியின் செல்வன்' படித்தவர்களுக்குப் பூங்குழலியின் நினைவு வராமல் போகாது. சோழர் காலத்துப் பழைய கலங்கரை விளக்கத்தில் 2004 சுனாமிக்குப் பிறகு மிச்சமிருப்பது இடிபாடுதான். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரை கடந்ததும் வேதாரண்யத்தை ஒட்டித்தான். இல்லத்தின் கொல்லையில் இருந்த மாமரங்களில் ஒன்றுதான் அன்று தப்பியது. அதன் வடுவைத் தொட்டுக் காட்டிவிட்டு, "இந்த வருசம் நல்லாப் பூத்திருக்கு பாருங்க" என்றார் அக்கா.

கிளம்பும் நாளன்று முதல் பேருந்துக்குப் போகவேண்டியிருந்தது. எழுந்து பார்த்தால் பின்வாசலில் விளக்கில்லை. அக்கா அதற்குள் கரைக்குப் போய்விட்டார். சொல்லிக்கொள்ளாமல் போகிறோமே என்று மனசு கனத்தது. வெளிக்கதவைத் திறந்தேன். வாசல் வேம்பின் தாழ்ந்த கிளையில், வாழையிலையில் மடித்து நாரால் கட்டிய புளிச்சோற்றுப் பொட்டலம் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. தொட்டுப் பார்த்தேன். இன்னும் சூடாக இருந்தது.