ஆட்டிசம் உடையோரும் நம் ஊர்த் தொழிற்கூடமும்



விருத்தாசலம் என்றவுடன் பழமலைநாதர் கோயிலும் மணிமுத்தாறும் நினைவுக்கு வரும். அவற்றை அடுத்து நினைவுக்கு வருவது பீங்கான். நெய்வேலிப் பகுதியின் களிமண் அருகிலேயே கிடைப்பது இத்தொழிலுக்குப் பெருந்துணை. இதனைக் கற்பிக்கும் அரசுப் பயிலகமும் இவ்வூரில் உண்டு. பொம்மைகள், ஜாடிகள், மின்சாரப் பியூஸ் கட்டைகள், கார்த்திகைத் திருநாளுக்குரிய அகல் விளக்குகள் ஆகியவை இங்கிருந்து பல ஊர்களுக்கும் செல்கின்றன.

ஒரு பொம்மைக் கூடத்தினுள் சென்று பாருங்கள். கூழ்போல் கரைத்த களிமண்ணை ஒருவர் பாரிஸ் சாந்து அச்சில் ஊற்றுகிறார். அச்சு நீரை உறிஞ்ச, அதன் உட்சுவரில் களிமண் ஓடு போலப் படிகிறது. எஞ்சிய கூழைக் கவிழ்த்து விடுகிறார். காய்ந்த பொம்மையின் மேல் தெரியும் பொருத்து வரையை மற்றொருவர் சுரண்டிச் சீராக்குகிறார். பின்னர் வண்ணம், மெருகுப் பூச்சு, சூளை. இறுதியில் விரிசல் கண்டவற்றை விலக்கி, நல்லனவற்றை எண்ணி வைக்கோலிட்டு அடுக்க வேண்டும். இத்தனை வேலைகளுள் ஏதேனும் ஒன்றை ஆட்டிசம் உடைய இளைஞர் ஒருவர் ஏற்றுச் செய்ய இயலுமா? இதற்கு விடை காணுமுன், ஆட்டிசம் என்பது யாது என்று அறிதல் வேண்டும்.

அது நோயன்று, தொற்றுவதுமன்று. மூளையும் நரம்பு மண்டலமும் வளரும் முறையில் பிறவியிலேயே அமைந்துவிடும் ஒரு வேறுபாடு. பிறரோடு பேசிப் பழகுவதில் இடர்ப்பாடு, ஒரே செயலையும் ஒரே ஒழுங்கையும் விடாது பற்றுதல், ஒலி, ஒளி, தொடுதல் ஆகியவற்றை மிகையாகவோ குறைவாகவோ உணர்தல் ஆகியன இதன் அடையாளங்கள். நமக்குப் பழகிப்போன குக்கர் ஓசை ஒரு குழந்தைக்குக் காதைக் கிழிப்பதாய் இருக்கலாம். சிலர் வாழ்நாள் முழுவதும் வாய்ச்சொல் இன்றியே இருப்பர். சிலர் பல்கலைக்கழகத்தில் விரிவுரை நிகழ்த்துவர். உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, 2021ஆம் ஆண்டில் ஏறத்தாழ 127 பேருக்கு ஒருவர் இந்நிலையினர். அங்ஙனமாயின் நம் ஊரிலும், நம் தெருவிலும் இவர்கள் இருக்கின்றனர் என்பது தெளிவு.

தமிழில் இதற்கு 'மதியிறுக்கம்' என்றும், 'புற உலகச் சிந்தனையற்ற நிலை' என்றும் பெயர் வழங்குகின்றனர். இவ்விரண்டும் என் மனத்துக்கு உவப்பானவை அல்ல. பின்னதோ உண்மைக்கே மாறானது. அதற்குச் சான்றாக ஒருவர் வாழ்க்கையைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன்.

அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்து மருத்துவர் லியோ கானர், 1943இல் 11 குழந்தைகளைப் பற்றி ஆய்வுரை ஒன்றை வெளியிட்டார். ஆட்டிசம் ஒரு தனி நிலையாக அறியப்பட அதுவே வழிகோலியது. அதில் முதலாவதாகக் குறிக்கப்பெற்ற சிறுவன் டொனால்டு டிரிப்ளெட். மிசிசிப்பி மாநிலத்தில் பாரஸ்ட் என்னும் சிற்றூரில் 1933இல் பிறந்தவன். மூன்று வயதில் அவனை ஒரு விடுதியில் விட்டுவிடும்படி பெற்றோருக்கு அறிவுரை கூறினர், விட்டனர். ஆனால் ஓராண்டளவில் மனம் பொறாமல் மீட்டுக்கொண்டு வந்தனர். அவன் தந்தை, மகனைப் பற்றி 33 பக்கங்களில் கானருக்குக் கடிதம் எழுதினார்.

பின்னர்ச் சில ஆண்டுகள் டொனால்டு ஓர் உழவர் தம்பதியரிடம் வளர்ந்தான். அவ்விருவரும் உளநூல் கற்றவரல்லர். எனினும் அவர்கள் செய்தது வியப்புக்குரியது. சிறுவனுக்கு எதையும் அளந்துகொண்டே இருக்கும் பழக்கம். அவர்கள் அவனைக் கிணறு தோண்டச் செய்து அதன் ஆழத்தை அளக்கச் சொன்னார்கள். அவன் சோளக் கொல்லையின் வரிசைகளை எண்ணிக்கொண்டே இருந்தான். உழுதுகொண்டே எண்ணு என்றார்கள். பழக்கத்தைத் தடுக்காமல் அதனையே வேலைக்கு வழியாக்கினர்.

டொனால்டு கல்லூரியில் பிரெஞ்சு மொழி பயின்று 1958இல் பட்டம் பெற்றார். ஊர் வங்கியில் பல்லாண்டுகள் பணியாற்றினார், கால்ப் ஆடினார், தன்னந்தனியராய்ப் பல நாடுகள் சுற்றினார். 2023இல் தம் 89ஆம் வயதில் மறைந்தார். ஊரார் அவரை ஊராருள் ஒருவராகவே கொண்டிருந்தனர்.

பள்ளிக் கட்டடத்தின் செங்கற்களை ஒரு பார்வையில் எண்ணிச் சொன்னவர் என்று அவரைப் பற்றி ஊரில் ஒரு பெருங்கதை உண்டு. முதுமையில் அதுபற்றி வினவியபோது, அன்று வாய்க்கு வந்த எண்ணைச் சொன்னதாகவும், உடன் பயிலும் பிள்ளைகள் தம்மை நன்கு மதிக்க வேண்டும் என்ற ஆசையே காரணம் என்றும் அவர் கூறினார். பிறருடைய மதிப்பை இவ்வளவு விரும்பிய ஒருவரைப் புற உலகச் சிந்தனையற்றவர் என்பது பொருந்துமா?

மற்றொரு கொடுமையையும் இங்கே குறிப்பிட வேண்டும். தாயின் அன்பின்மையே ஆட்டிசத்துக்குக் காரணம் என்று 1950களிலும் 1960களிலும் அறிஞர் பலர் எழுதினர். குளிர்பதனப் பெட்டியைப் போன்ற தாய் என்று பெயரிட்டு இகழ்ந்தனர். ஆட்டிசம் உடைய மகனின் தந்தையான உளநூலறிஞர் பெர்னார்டு ரிம்லாண்டு, 1964இல் எழுதிய நூலில் இதனை மறுத்தார். 1977இல் சூசன் போல்ஸ்டைன், மைக்கேல் ரட்டர் ஆகியோர் 21 இரட்டையர் இணைகளை ஆராய்ந்து, இதில் மரபுக்கூறுகளுக்குப் பெரும் பங்குண்டு என்று காட்டினர். 1998இல் தடுப்பூசியின் மேல் பழி போட்ட ஆய்வுரையை, அதனை வெளியிட்ட 'லான்செட்' இதழே 2010இல் திரும்பப் பெற்றது. இவ்வளவும் தெளிந்த பின்னரும், நம் வீடுகளில் மருமகளின் மேல் பழி சுமத்தும் குரல் இன்னும் ஓயவில்லை.

நம் கடலில் நிகழ்ந்த ஓர் அருஞ்செயலைக் கேளுங்கள். பாக் நீரிணையை 1966இல் மிகிர் சென் நீந்தியதும், 1994இல் சிறுவன் குற்றாலீசுவரன் நீந்தியதும் நீங்கள் அறிந்தவை. 2022 மார்ச்சு 20ஆம் நாள், மும்பையைச் சேர்ந்த ஜியா ராய் என்னும் 13 வயதுச் சிறுமி, இலங்கையின் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடி அரிச்சல்முனை வரை 29 கிலோமீட்டர் தொலைவை 13 மணி 10 நிமிடங்களில் நீந்திக் கடந்தாள். அவள் ஆட்டிசம் உடையவள். 2024இல் ஆங்கிலக் கால்வாயையும் தனியே கடந்தாள். அதற்கு 17 மணி 25 நிமிடங்கள் ஆயின.

இத்தகைய செய்திகளைக் கேட்டு மகிழ்வது இயல்பே. ஆயினும், ஆட்டிசம் உடையோர் அனைவரிடமும் ஏதோ ஓர் அற்புத ஆற்றல் ஒளிந்திருக்கும் என்று எதிர்பார்ப்பது அநீதி. கடலை நீந்தாத பிள்ளைக்கும் வகுப்பில் இடம் உண்டு. நம்மில் எத்தனை பேர் பாக் நீரிணையை நீந்தியிருக்கிறோம்?

சட்டம் இதனை ஓரளவு உறுதி செய்திருக்கிறது. 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் ஆட்டிசத்தைப் பெயர் சொல்லிக் குறித்தது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கூறும் 21 வகைகளுள் ஆட்டிசமும் ஒன்று. அரசுப் பணிகளில் மாற்றுத்திறனாளிகளுக்குரிய நான்கு விழுக்காட்டில், ஒரு விழுக்காடு ஆட்டிசம் முதலிய சில பிரிவினர்க்கு உரியது. ஒவ்வொரு நிறுவனமும் சம வாய்ப்புக் கொள்கை ஒன்றை வெளியிட வேண்டும் என்பதும் அச்சட்டத்தின் விதி. சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் 2005 முதல் இயங்கும் தேசிய நிறுவனம், இத்துறையில் பயிற்சியும் மருத்துவ உதவியும் அளிக்கிறது.

இனித் தொழிற்கூடத்துக்கு வருவோம். ஈரக் களிமண்ணைக் கையால் அளைவதில் சிலருக்குப் பேரின்பம். சிலருக்கு அது விரலில் ஒட்டினாலே பொறுக்க இயலாது. முன்னவர்க்கு வார்ப்பு வேலை ஏற்றது. பின்னவர்க்குச் சூளையிலிருந்து வந்த உலர்ந்த பொருள்களைப் பார்த்துப் பிரிக்கும் வேலை. அரைவை இயந்திரத்தின் இரைச்சலுக்கு அப்பால் ஓரிடம் ஒதுக்கித் தரலாம். 'சுமாராகப் பார்த்து வை' என்று சொல்லாமல், எத்தனை, எங்கே, எவ்வரிசையில் என்று சொல்ல வேண்டும். வேலையின் படிகளை வரிசையாகப் படம் எழுதிச் சுவரில் ஒட்டினால் பெரும்பாலும் வாய்ச்சொல்லே வேண்டுவதில்லை. வேலை மாறும் நாளை முன்கூட்டியே தெரிவிப்பதும் இன்றியமையாதது. இவற்றுக்கெல்லாம் ஆகும் செலவு மிகச் சிறிது. கூலி மட்டும் பிறருக்கு வழங்கும் அதே வீதத்தில் வழங்கப்பட வேண்டும். இரக்கத்துக்காக வைத்துக்கொண்டோம் என்று சொல்லிக் குறைப்பது முறையன்று.

கார்த்திகைக்கு முந்திய மாதங்களில் அகல் விளக்கு வேலை பெருகும். எண்ணவும் அடுக்கவும் கைகள் மிகுதியாகத் தேவைப்படும். கூடம் வைத்திருக்கும் குடும்பத்துப் பிள்ளைகள் உங்களுள் பலர் இருக்கக்கூடும். உங்கள் தெருவில் அத்தகைய இளைஞர் இருப்பின், அக்காலத்தில் ஒரு வாரம் அவரை அழைத்து வந்து, எந்த மேசை அவருக்கு ஒத்து வருகிறது என்று பார்க்கலாம்.