எஞ்சிய நூலில் ஒரு தொப்பி

2020ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள் மலேசியாவில் மக்கள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடைமுறைக்கு வந்தது. கோவிட்-19 பெருந்தொற்றைத் தடுக்கும் பொருட்டுப் பள்ளிகள் மூடப்பட்டன. உணவு, மருந்து போன்ற இன்றியமையாப் பொருள்களை விற்கும் கடைகளே பெரும்பாலும் திறந்திருந்தன. வீட்டிலேயே இருக்க நேர்ந்தவர்களுள் சிலர் பின்னல் வேலையில் ஈடுபட்டனர். புதிய நூல் வாங்கக் கடைக்குச் செல்ல முடியாத நிலையில், முன்பு பின்னியபோது எஞ்சிய நூல்கண்டுகளே அவர்களுக்குக் கைகொடுத்தன.

எஞ்சிய நூலைக் கொண்டு ஒரு சட்டையைப் பின்னி முடிப்பது கடினம். தொப்பி அப்படியன்று. பச்சிளங்குழந்தையின் தொப்பிக்கு ஏறக்குறைய 25 கிராம் நூல் போதும். பெரியவரின் தொப்பியும் பொதுவாக 100 கிராமுக்குள் அடங்கிவிடும். ஒரு நிறம் தீர்ந்தால் மற்றொரு நிறத்தைச் சேர்த்துக் கோடு கோடாகப் பின்னலாம்.

ஆண்டு முழுவதும் வெப்பமாக இருக்கும் நாட்டில் இத்தகைய தொப்பி யாருக்குத் தேவைப்படும்?

முதலாவது, குறைமாதக் குழந்தைகளுக்குத் தேவைப்படும். தாயின் வயிற்றில் 37 வாரங்கள் நிறைவதற்கு முன்பே பிறப்பவர்கள் இவர்கள். பச்சிளங்குழந்தையின் உடல் வெப்பநிலை 36.5 முதல் 37.5 டிகிரி செல்சியஸ்வரை இருக்க வேண்டும். ஆனால், குறைமாதக் குழந்தையின் தோலுக்கடியில் கொழுப்பு மிகக் குறைவு. உடலோடு ஒப்பிடுகையில் தலையும் பெரியது. எனவே, தலைவழியாக வெப்பம் விரைவாக வெளியேறுகிறது. உடல் குளிர்ந்தால், வளர்ச்சிக்குப் பயன்பட வேண்டிய ஆற்றல் உடலைச் சூடாக்குவதற்கே செலவாகிவிடும். மூச்சுவிடவும் சிரமம் ஏற்படலாம். பின்னலின் கண்ணிகளுக்கிடையே தங்கும் காற்று வெப்பத்தை எளிதில் வெளியேற விடாது. ஆகவே, சிறிய தொப்பியும் குழந்தையின் உடல்சூட்டைக் காக்க உதவுகிறது.

இரண்டாவது, புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறுவோருக்குத் தேவைப்படும். சில மருந்துகள் வேகமாகப் பெருகும் உயிரணுக்களைத் தாக்குகின்றன. முடியை வளர்க்கும் உயிரணுக்களும் வேகமாகப் பெருகுபவை என்பதால் நோயாளியின் முடி உதிர்கிறது. குளிரூட்டப்பட்ட அறையில் அவருக்குத் தலை குளிரும். மென்மையான தொப்பி அதற்கு இதமளிக்கும். வெளியே செல்லும்போது கூச்சத்தையும் குறைக்கும்.

எனினும், நல்லெண்ணம் மட்டும் இருந்தால் போதாது, கவனமும் வேண்டும். உறுத்தும் கம்பளி நூலைத் தவிர்த்து, மென்மையான பருத்தி நூலையோ அக்ரிலிக் நூலையோ தேர்ந்தெடுக்க வேண்டும். ஒரே தொப்பியில் சேர்க்கும் நூல்கள் ஒத்த தடிப்பும் ஒரே வகையும் உடையனவாக இருத்தல் நன்று. வெந்நீரில் துவைத்தால் கம்பளி நூல் சுருங்கும். பருத்தி நூல் அந்த அளவுக்குச் சுருங்காது. இரண்டையும் கலந்தால் தொப்பியின் வடிவம் கெட்டுவிடும்.

குழந்தைகளின் தொப்பியில் பொத்தான், நாடா, நூல்குஞ்சம் ஆகியவற்றை வைக்கக்கூடாது. அவை கழன்று வாய்க்குள் போகலாம், கழுத்தைச் சுற்றிக்கொள்ளலாம். நூல்முனைகளை உள்ளே செருகி உறுதியாகத் தைக்க வேண்டும். நிறைமாதக் குழந்தையின் தலைச்சுற்றளவு ஏறக்குறைய 35 சென்டிமீட்டர். பின்னல் விரிந்துகொடுக்கும் என்பதால் தொப்பியைச் சற்றுச் சிறியதாகப் பின்னலாம். வீட்டில் குழந்தை உறங்கும்போது தொப்பியைக் கழற்றிவிட வேண்டும். இல்லையெனில் உடல் அளவுக்கு மீறிச் சூடாகலாம். தொப்பி நழுவி மூச்சையும் அடைக்கலாம்.

பின்னத் தொடங்குவதற்கு முன்பே மருத்துவமனையைத் தொடர்புகொள்வது சிறந்தது. தொப்பிகளை ஏற்பார்களா, எந்த அளவு வேண்டும், எப்படித் துவைத்துக் கொடுக்க வேண்டும் என்பவற்றை அங்குள்ளவர்களே கூறுவார்கள். தொற்றுநோய்க் காலத்தில் இது மிகவும் அவசியம்.

‘சிறு துரும்பும் பல்குத்த உதவும்’ என்பது பழமொழி. பயனில்லை என ஒதுக்கப்பட்ட ஒரு பிடி நூலும், அதை யார் அணியப்போகிறார் என்பதை அறிந்து பின்னினால், ஒருவரின் உடல்நலத்திற்குத் துணைநிற்கும்.