நரககுண்டம் எங்கே?

மட்டக்களப்பு வாவியின் நடுவே அமைந்த புளியந்தீவின் பெயரைக் கேட்ட மாத்திரத்தே புளியமரம் நம் மனக்கண்முன் தோன்றும். ஊர்ப்பெயர்கள் பெரும்பாலும் இவ்வாறு பொருளோடு பொருந்தியவையே. ஆயினும், பெயர் ஓரிடத்திலும் பொருள் வேறோரிடத்திலுமாகப் பிரிந்து நிற்கும் விந்தையும் உண்டு. அதனைக் காண வங்கக் கடலைக் கடந்து, அந்தமான் தீவுகளுக்கும் கிழக்கே செல்லல் வேண்டும்.

அங்கே நார்கொண்டம் என்றோர் எரிமலைத் தீவு உளது. உயரம் சுமார் 710 மீற்றர். உச்சிவரை அடர்ந்த காடு. உலகில் வேறெங்கும் காணப்படாத இருவாய்ச்சிப் பறவையினம் ஒன்று அங்கே வாழ்கின்றது. மார்க்கோ போலோவின் பயண நூலைப் பதிப்பித்த ஹென்றி யூல் என்னும் அறிஞர், நார்கொண்டம் என்பது ‘நரககுண்டம்’ என்னும் வடமொழிப் பெயரின் திரிபாகலாம் எனக் கருதினார். பசுமை போர்த்த தீவுக்கு இப்பெயர் எங்ஙனம் வந்தது?

இவ்வினாவை ஆராய்ந்தவர் இந்திய நிலவியல் ஆய்வுத்துறையைச் சேர்ந்த மாலெற் என்பவர். நார்கொண்டத்தில் எரிவாய் இல்லை. அது அவிந்து பல்லாயிரம் ஆண்டுகள் ஆகியிருக்கவேண்டும் என்றார் அவர். ஆனால், அதற்குத் தெற்கே சுமார் 135 கிலோமீற்றர் தொலைவில், ஆங்கிலத்தில் ‘தரிசுத் தீவு’ எனப் பொருள்படும் பாரன் தீவு இருக்கின்றது. செங்குத்தான மதில்கள் வட்டமாய்ச் சூழ, நடுவே எரிமலைக் கூம்பு நிற்கும் குண்டம் அது! 1787இல் கனன்றது, நெடிது உறங்கி 1991இல் மீண்டும் விழித்தது, 2005 முதல் பலமுறை புகைந்தும் தீக்குழம்பு உமிழ்ந்தும் வருகின்றது. நரககுண்டம் என்னும் பெயர் இதற்கே உரியது, இரு தீவுகளின் பெயர்களும் எவ்வாறோ மயங்கியிருக்கலாம் என்பது மாலெற்றின் ஊகம். 1886இல் வெளியான தமது சொல்லகராதியில் யூல் இதனையும் எடுத்துரைத்தார். முடிந்த முடிபன்று, எனினும் மனத்துக்கு இசைந்த விளக்கம்.

பெயராராய்ச்சி நமக்கெதற்கு என்று மாணவர் கேட்கலாம். இந்தியப் புவித்தட்டு கிழக்கே தாழ்ந்து, அயல்தட்டின் கீழ்ப் புகுவதனாலேயே இவ்விரு எரிமலைகளும் தோன்றின. அதே தட்டெல்லை பிளந்தமையே 2004 டிசம்பர் 26ஆம் நாளின் நிலநடுக்கம். அன்று எழுந்த ஆழிப்பேரலை கல்லடியிலும் நாவலடியிலும் எத்தனை இல்லங்களை வெறுமையாக்கிற்று என்பதை நாம் அறிவோம்.

ஆதலின், தொலைதூரத்துத் தீவென்று நார்கொண்டத்தை ஒதுக்கிவிடலாகாது. தேசப்படத்தில் அவ்விரு புள்ளிகளையும் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். நம் வாசலைத் தொடும் கடலின் மறுகரையில் நிலம் இன்னும் அடங்கவில்லை என்பதை அவர்கள் அறிந்திருத்தல் நன்று.