கண்டக்டருக்கும் சூப்பர் ஸ்டாருக்கும் நடுவில் ஒரு பள்ளிக்கூடம்

எங்கள் அடுகோடிப் பக்கத்தில் நடிகனாக ஆசைப்படும் எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் முதலில் சொல்லும் பெயர் ரஜினிகாந்த். "இதே ஊர்ல பஸ்ல டிக்கெட் கிழிச்சவர்தானே ஸார்? அவரால முடிஞ்சது என்னால முடியாதா?" என்பார்கள். நான் ஆலை வேலையில் இருந்த காலத்தில் தொழிலாளர் நாடகங்களில் வேஷம் கட்டியவன். அதனால் இப்படிக் கேட்கும் தம்பிகள் அவ்வப்போது என்னைத் தேடி வருவதுண்டு. அவர்களுக்கு நான் சொல்வதையே இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். பெற்றோரும் படிக்க வேண்டும் என்பது என் ஆசை.

கதையில் விட்டுப்போன பகுதி

1950இல் பெங்களூரில் பிறந்த சிவாஜிராவ், பி.டி.எஸ். பஸ்ஸில் கண்டக்டராக இருந்தார் என்பது எல்லோருக்கும் தெரியும். 1975இல் கே. பாலசந்தரின் 'அபூர்வ ராகங்கள்' படத்தில் ஒரு கேட்டைத் திறந்துகொண்டு உள்ளே வந்தார் என்பதும் தெரியும். நடுவில் நடந்ததைத்தான் நாம் விட்டுவிடுகிறோம். கண்டக்டராக இருந்தபோதே அவர் இங்கே கன்னட நாடகங்களில் நடித்துவந்தார். 1973இல் சென்னைக்குப் போய், தென்னிந்தியத் திரைப்பட வர்த்தக சபை நடத்திய பயிற்சிப் பள்ளியில் முறையாக நடிப்புப் படித்தார். உடன் வேலை பார்த்த டிரைவர் ராஜ் பகதூர் பண உதவி செய்தார். பாலசந்தரின் கண்ணில் பட்டது அந்தப் பள்ளி மாணவராகத்தான். தமிழை நன்றாகக் கற்றுக்கொள் என்று சொன்னவரும் பாலசந்தர்தான்.

ஆக, கதை வெறும் அதிர்ஷ்டக் கதை இல்லை. மேடைப் பழக்கம், முறையான படிப்பு, படிக்கும் காலத்தில் சோறு போட ஓர் ஏற்பாடு, மொழிப் பயிற்சி என நான்கு படிகள் இருக்கின்றன. இந்த நான்கையும் தாண்டிக் குதிக்கப் பார்ப்பவர்கள்தான் பெரும்பாலும் விழுகிறார்கள்.

நம் முன்னோர் படித்த விதம்

நடிப்பு பிறவியிலேயே வரவேண்டும், கற்றுத்தர முடியாது என்று சிலர் சொல்வார்கள். தமிழ் நாடக வரலாறு அப்படிச் சொல்லவில்லை. சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தொடங்கிய பாலர் நாடக சபையில்தான் டி.கே.எஸ். சகோதரர்கள் சிறுவர்களாகப் பயின்றார்கள். பாட்டும் வசனமும் மனப்பாடமாக வேண்டும்; அதன் பிறகே மேடை. பிற்காலத்தில் டி.கே. சண்முகத்தின் குழுவில் பயின்றவர்களில் சிறுவன் கமல்ஹாசனும் ஒருவர். சிவாஜி கணேசன் 1952இல் 'பராசக்தி'யில் அறிமுகமானபோது சினிமாவுக்குத்தான் புதுமுகம். மேடையில் அவர் சின்ன வயதிலிருந்தே நின்றவர்.

இன்னொரு செய்தி, கர்நாடகத்தில் வாழும் நமக்கு இனிப்பானது. பம்மல் சம்பந்த முதலியார் 1891இல் சென்னையில் பார்த்த ஒரு நாடகம்தான் அவரைத் தமிழ் நாடகத்துக்குள் இழுத்தது. அதை நடத்தியது பெல்லாரியிலிருந்து வந்த கிருஷ்ணமாச்சார்லுவின் குழு! அதே ஆண்டு சுகுண விலாச சபை பிறந்தது. வக்கீல் தொழிலும் நீதிபதிப் பதவியும் பார்த்துக்கொண்டே பம்மல் நாடகம் எழுதினார், நடித்தார். நடிப்பில் தேர்ச்சி பெறுவது எப்படி என்று தனி நூலே எழுதினார். வேலையை விட்டால்தான் கலை வரும் என்பவர்களுக்கு இவர் நல்ல பதில்.

அப்படி என்னதான் கற்பது?

வசனத்தைச் சத்தமாகச் சொல்வது நடிப்பாகாது. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளைச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் நான்கு காரணங்களையும் சொல்கிறது. அழுகையை எடுத்துக்கொள்ளுங்கள். பிறர் இகழ்வதால் வரும் அழுகை, இழப்பால் வருவது, இருந்த நிலையிலிருந்து தாழ்வதால் வருவது, வறுமையால் வருவது என நான்கு வகை. நான்கும் ஒரே அழுகை இல்லை. இகழப்பட்டவன் முகத்தை மறைப்பான்; வேண்டியவரைப் பறிகொடுத்தவன் மறைக்க நினைக்கவே மாட்டான். 'அழு' என்று டைரக்டர் சொன்னால், 'எதனால் அழுகிறேன்?' என்று தன்னையே கேட்டுக்கொள்பவன்தான் நடிகன். ரஷ்யாவின் ஸ்தானிஸ்லாவ்ஸ்கி (1863–1938) வற்புறுத்தியதும் இதற்கு நெருக்கமானதுதான்: பாத்திரம் இருக்கும் சூழ்நிலையைத் தெரிந்துகொள், 'அந்த இடத்தில் நான் இருந்தால்?' என்று கேள் என்றார் அவர்.

வீட்டிலேயே ஒரு பயிற்சி செய்யலாம். "சாப்பாடு இருக்கா?" என்ற ஒரே வசனம். நைட் ஷிப்ட் முடிந்து வந்த அப்பாவாகச் சொல்லுங்கள். இன்றைக்கு வேலை போனதை வீட்டில் சொல்லாத மகனாகச் சொல்லுங்கள். சொல்லாமல் வந்த விருந்தாளியாகச் சொல்லுங்கள். சொல் மாறவில்லை, மூச்சு, கண், நிற்கும் விதம் எல்லாம் தானாக மாறும். தினம் இப்படிப் பத்து நிமிஷம் பழகினால் கண்ணாடி முன்னால் 'பஞ்ச்' பேசுவதைவிடப் பலன் அதிகம்.

இதோடு குரல் இருக்கிறது. மூச்சை அடிவயிற்றிலிருந்து எடுத்துப் பேசினால்தான் கடைசி வரிசைக்குக் கேட்கும், தொண்டையும் கட்டாது. நம் பிள்ளைகள் வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், கடையில் உருது, தெலுங்கு என்று கலந்து வளர்கிறவர்கள். ல, ள, ழ மூன்றும் ஒன்றாகிவிடும். தினம் ஒரு பக்கம் வாய்விட்டுத் தமிழ் படித்தால் இது சரியாகும்.

மேடைக்கும் கேமராவுக்கும் உள்ள வித்தியாசமும் தெரிய வேண்டும். மேடையில் கதை வரிசையாகப் போகும். சினிமாவில் கடைசிக் காட்சியை முதல் நாளே எடுப்பார்கள். க்ளோஸப்பில் புருவம் அசைந்தாலே பெரிய அசைவு. முந்தின ஷாட்டில் எந்தக் கையில் டம்ளர் இருந்ததோ அதே கையில் அடுத்த ஷாட்டிலும் இருக்க வேண்டும். இதெல்லாம் திறமையைவிடப் பழக்கம் சார்ந்தது.

எங்கே படிக்கலாம்?

இங்கேதான் கலப்பு மொழி நமக்குப் பலமாகிறது. கன்னடம் தெரிந்த தமிழ்ப் பிள்ளைக்கு இரண்டு வாசல்கள் திறந்திருக்கின்றன. ஷிவமொக்கா மாவட்டத்து ஹெக்கோடு கிராமத்தில் கே.வி. சுப்பண்ணா முதலானோர் 1949இல் தொடங்கிய நீநாசம், 1980 முதல் நாடகப் பள்ளி நடத்துகிறது. தில்லி தேசிய நாடகப் பள்ளியின் பெங்களூர் மையம் ஓராண்டுப் பயிற்சி தருகிறது. தமிழில் வேண்டுமென்றால் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் சங்கரதாஸ் சுவாமிகள் நிகழ்கலைப் பள்ளி உண்டு. சென்னையில் ந. முத்துசாமி 1977இல் தொடங்கிய கூத்துப்பட்டறையிலிருந்து பசுபதி, கலைராணி போன்றவர்கள் வந்தார்கள். விஜய் சேதுபதி அங்கே கணக்கராக வேலை பார்த்துக்கொண்டே நடிப்பைக் கவனித்தவர். 2010இல் 'தென்மேற்குப் பருவக்காற்று' அவரைக் கதாநாயகனாக்கியது. பிரகாஷ் ராஜும் பெங்களூர்க் கன்னட மேடையில் வளர்ந்து, 1994இல் 'டூயட்' மூலம் தமிழுக்கு வந்தவர்தான்.

சேர முடியாதவர்கள் குறைந்தபட்சம் பார்க்கலாமே! ஜே.பி. நகரில் 2004இல் திறந்த ரங்கசங்கராவிலும், ரவீந்திர கலாக்ஷேத்ராவிலும் நல்ல நாடகங்கள் நடக்கின்றன. ஒரு குழுவில் சேர்ந்து திரை இழுத்தாலும் பாடம்தான்.

ஏமாறாமல் இருக்க

எங்கள் தெருவிலேயே ஒரு பையன், 'புதுமுகம் தேவை' என்ற விளம்பரத்தை நம்பி, அம்மாவின் வளையலை அடகு வைத்துப் பணம் கட்டினான். படமும் இல்லை, பணமும் இல்லை. கடன் மட்டும் மிச்சம். அவனுக்கு நல்ல திறமை இருந்தது. இன்று நடிப்பு என்றாலே எழுந்து போய்விடுகிறான். பணத்தைவிட அந்த இழப்புதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

ஆகவே சில விதிகள். நடிகனுக்குச் சம்பளம் கொடுப்பதுதான் தொழில். வாய்ப்புக்காக நடிகனிடம் பணம் கேட்பது தொழில் இல்லை. ஆடிஷனுக்குக் கட்டணம் கேட்டால் திரும்பி வந்துவிடுங்கள். அவர்கள் சொல்லும் போட்டோகிராபரிடம்தான் படம் எடுக்க வேண்டும் என்றால் சந்தேகப்படுங்கள். மேக்கப் இல்லாத இரண்டு மூன்று தெளிவான படங்களும் செல்போனில் எடுத்த ஒரு சிறு நடிப்புத் துண்டும் ஆரம்பத்துக்குப் போதும். பெண் பிள்ளைகள் ஹோட்டல் அறையில் சந்திப்பு என்றால் தனியாகப் போகவே வேண்டாம். மலையாளத் திரையுலகம் பற்றிய ஹேமா கமிட்டி அறிக்கை 2024 ஆகஸ்டில் வெளியானபோது, பெண்கள் அங்கே பட்ட பாடு நாட்டுக்கே தெரிந்தது. பணியிடப் பாலியல் தொல்லைக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டம் படப்பிடிப்புத் தளத்துக்கும் பொருந்தும் என்பதைத் தெரிந்து வைத்துக்கொள்ளட்டும்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. 'சினிமா வேண்டாம்' என்று அடக்கினால் பிள்ளை திருட்டுத்தனமாகத்தான் போகும். அப்போது ஏமாற்றுக்காரன் கையில்தான் முதலில் சிக்கும். 'முதலில் ஒரு டிகிரியோ தொழிலோ கையில் வைத்துக்கொள், பிறகு ஒரு வருஷம் முறையாகப் படி, நான் பார்த்துக்கொள்கிறேன்' என்று சொல்லிப் பாருங்கள். ஆசை உண்மையானதா என்பது அந்த ஒரு வருஷத்தில் பிள்ளைக்கே தெரிந்துவிடும். நடிகனாகாமல் போனாலும் நாலு பேர் முன்னால் நிமிர்ந்து நின்று தெளிவாகப் பேசத் தெரிந்த பிள்ளையாகத் திரும்பி வரும். அது நஷ்டக் கணக்கில் சேராது.