சி மொழி நிரல்களின் பெயர்வுத்தன்மையும் தமிழ் எழுத்துத் தரவும்

கல்வெட்டு, ஓலைச்சுவடித் தரவுகளைக் கணினிவழி எண்ணிப் பெறும் முடிவுகள் இன்று ஆய்வேடுகளில் சான்றாக இடம்பெறுகின்றன. கருவி இயங்கிய கணினியைப் பொறுத்து அவ்வெண்ணிக்கை மாறுமாயின் சான்றின் தகுதியே ஐயத்திற்குள்ளாகும். சி மொழியில் எழுதப்பெற்ற உரையாய்வுக் கருவிகளில் இம்மாற்றம் எவ்வாறு நேர்கிறது என்பதையும், கட்டமைப்புக் கருவிகள் அதனை எவ்வெல்லை வரை தடுக்கின்றன என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

ஒரே மூலநிரலைப் பல்வகைக் கணினிகளில் மாற்றமின்றி இயக்கும் தன்மையே பெயர்வுத்தன்மை ஆகும். சி மொழிக்கான அமெரிக்கத் தரநிலை 1989இல் வெளிவந்தது. அது சிலவற்றை வரையறுக்காது நிரல்பெயர்ப்பியின் தேர்வுக்கு விட்டுள்ளது. இதனை இலக்கண நூல்களின் புறனடையோடு ஒப்பிடத் தோன்றும். எனினும் புறனடை, கூறாது விடப்பட்டவற்றை வழக்கு நோக்கி அமைத்துக்கொள்ளச் சொல்கிறது. சி தரநிலையோ ஒவ்வொரு நிரல்பெயர்ப்பியும் தான் தேர்ந்ததை ஆவணப்படுத்த வேண்டும் என்கிறது. அவ்வாவணத்தைப் படிப்போர் மிகச் சிலரே.

யூடிஎஃப்-8 முறையில் ‘அ’ என்னும் எழுத்து 224, 174, 133 என்னும் மூன்று பைட்டுகளாகச் சேமிக்கப்படுகிறது. சி மொழியின் ‘கேர்’ என்னும் தரவுவகை குறியுடையதா, குறியற்றதா என்பதைத் தரநிலை அறுதியிடவில்லை. லினக்ஸ் இயங்கும் இன்டெல் கணினியில் அது இயல்பாகக் குறியுடையது. ஆகவே முதற்பைட்டு அங்கு −32 என மதிப்பிடப்படும். லினக்ஸ் இயங்கும் ராஸ்பெரி பை போன்ற ஏஆர்எம் கணினியில் அதே பைட்டு 224 ஆகவே நிற்கும். ‘முதற்பைட்டு 224 எனின் தமிழெழுத்து தொடங்கக்கூடும்’ என எழுதப்பட்ட சோதனை பின்னதில் பலிக்கும். முன்னதில் ஒருபோதும் பலிக்காது. பிழைச்செய்தி எதுவும் இன்றி எண்ணிக்கை சுழியமாகும். ஆங்கில எழுத்துகள் யாவும் 128க்குக் கீழே அமைவதால் ஆங்கிலத் தரவைக் கொண்டு மட்டும் சோதிப்பவருக்கு இக்குறை புலப்படுவதில்லை. பைட்டைக் குறியற்ற வகையாக வெளிப்படையாக அறிவிப்பதே இதற்குத் தக்க தீர்வு. நிரல்பெயர்ப்பிக்குத் தனி விருப்பக்கட்டளை தந்தும் சரிசெய்யலாம். ஆயின் அக்கட்டளையை மறந்தவரிடம் பிழை மீளும்.

அகல எழுத்துவகையிலும் இத்தகைய வேறுபாடு உண்டு. அது விண்டோஸில் 16 பிட்டு, லினக்ஸில் 32 பிட்டு. அடிப்படைத் தமிழ் எழுத்துகள் இரண்டிலும் ஓரலகில் அடங்கும். ஆனால் 1/320ஐக் குறிக்கும் முந்திரி முதலான பின்னக் குறிகள் 2019இல் ஒருங்குறியில் சேர்ந்தபோது 16 பிட்டு எல்லைக்கு அப்பால் இடம்பெற்றன. ஆகவே ஒரே முந்திரிக் குறி லினக்ஸில் ஒன்றாகவும் விண்டோஸில் இரண்டாகவும் எண்ணப்படும். நிலவருவாய்க் கணக்குகளை ஆராய்வோர்க்கு இது சிறு பிழையன்று.

1976இல் பெல் ஆய்வுக்கூடத்தில் உருவான ‘மேக்’, கோப்புகளின் நேரத்தை ஒப்பிட்டு எதனை மீளத் தொகுப்பது என்று மட்டுமே முடிவு செய்கிறது. கணினிகளிடையேயான வேறுபாட்டை அது தானாக அறியாது. 1991இல் தோன்றிய ‘ஆட்டோகான்ஃப்’ வழி உருவாகும் அமைவுநிரல் இயங்குதளத்தின் பெயரை நம்பாமல் பண்பையே சோதிக்க வல்லது: சிறு நிரலொன்றை எழுதித் தொகுத்துப் பார்த்து, விடையைத் தலைப்புக்கோப்பில் பதிகிறது. வேறொரு கணினிக்காகத் தொகுக்கும்போது அச்சோதனை நிரலை இயக்க இயலாது. அந்நிலையில், ஊகம் தவறெனில் அணியின் அளவு எதிர்மறையாகுமாறு நிரல் அமைக்கப்படுகிறது. தொகுப்பு தோற்பதே விடையாகிறது.

இயந்திரத்தின் பண்பை இவ்வாறு அறியலாம். எழுத்தின் இலக்கணத்தை அறிய இயலாது. ‘கொ’ ஓரெழுத்தே. ஒருங்குறியில் அது இரண்டு குறியீடுகளாகவோ, கொம்பும் காலும் பிரிந்து மூன்றாகவோ வரலாம். எல்லாக் கணினிகளிலும் ஒன்றுபோல் இயங்கும் நிரலும், தரவை முதலில் ஒரே வடிவிற்குக் கொணராவிடில், இவ்விரண்டையும் வெவ்வேறு சொற்களாகவே எண்ணும்.